எழுத்து வகுப்பை வாட்ஸ்அப்புக்குக் கொண்டுபோவதற்கு முன்

மாணவர்களின் எழுத்துப் பயிற்சிக்காக வாட்ஸ்அப் குழுவோ இன்ஸ்டாகிராம் பக்கமோ தொடங்கலாம் என்று நினைத்துக்கொண்டிருக்கும் ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன். மதுரைக்கு வெளியே உள்ள ஒரு கலை அறிவியல் கல்லூரியின் சுயநிதிப் பிரிவில் தமிழ் கற்பிக்கிறேன். வணிகவியல், கணினி அறிவியல் என்று எதைப் படித்தாலும் இளங்கலையின் முதல் இரண்டு ஆண்டுகளில் பகுதி ஒன்றாகத் தமிழ் உண்டு; அதில் கட்டுரையும் கடிதமும் படைப்பாக்கமும் என் பொறுப்பு. போன கல்வியாண்டில் அந்த வகுப்பைச் செல்பேசிக்குக் கொண்டுபோனதில் என்னென்ன நடந்தது, எவ்வளவு பணம் போனது, மாணவர்கள் உண்மையில் என்ன நினைத்தார்கள் என்பதை ஒழுங்காகச் சொல்லிவிட்டால், அடுத்து வருபவர் நான் பட்ட பாட்டைப் படாமல் இருக்கலாம். அந்த நாட்களில் இப்படி யாராவது எழுதி வைத்திருக்கிறார்களா என்று தேடிப் பார்த்தேன். கிடைத்தவை பெரும்பாலும் சமூக ஊடகம் மாணவரின் ஆர்வத்தைத் தூண்டும் என்று சொல்லும் கருத்தரங்கக் கட்டுரைகள். ஆர்வம் தூண்டப்பட்ட பிறகு என்ன ஆகும் என்பது அவற்றில் இல்லை.

யோசனை மேலிடத்திலிருந்து வந்தது. கல்லூரிகளுக்குத் தரம் வழங்கும் நாக் அமைப்பு, தகவல் தொழில்நுட்பக் கருவிகளைக் கொண்டு கற்பிப்பதையும் ஒரு கூறாகப் பார்க்கும். ஆகவே ஒவ்வொரு துறையும் ஏதாவது செய்து, படத்துடன் அறிக்கை தர வேண்டும் என்று எங்களுக்கு வாய்மொழியாகச் சொல்லப்பட்டது. துறையில் வயதில் இளையவள் என்பதால் அது என் தலையில் விழுந்தது. எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை. பள்ளியிலிருந்து வரும் பிள்ளைகள் எதைக் கொடுத்தாலும் முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்ற சட்டகத்துக்குள் அதை அடைத்து, நடுவில் இரண்டு மேற்கோளைச் செருகி நீட்டுவார்கள். திருத்தும் ஆசிரியர் ஒருவரே வாசகர் என்ற நிலை மாறினால் இந்தச் சட்டகம் உடையும் என்று நம்பினேன். அந்த நம்பிக்கை முற்றிலும் பொய்யாகவும் இல்லை.

என் சொந்த எண்ணை மாணவர்களுக்குத் தர விரும்பாததால், டவுன்ஹால் ரோட்டில் 4,200 ரூபாய்க்கு ஒரு பழைய செல்பேசி வாங்கி, அதற்குத் தனி சிம் போட்டேன். மாதாமாதம் ரீசார்ஜ் வேறு. இவற்றுள் ஒரு ரூபாயையும் கல்லூரி தரவில்லை. நான் 16,000 ரூபாய் சம்பளக்காரி என்பதைச் சேர்த்துப் பார்த்தால் இந்தத் தொகை சிறியதன்று. ஆனாலும் இந்தச் செலவைத் தவிர்க்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். பின்னால் இரவு நேரங்களில் அந்தச் செல்பேசி அலறியபோது, அதை அணைத்து அலமாரியில் வைத்துவிட்டுத் தூங்க முடிந்தது. என் எண் என்னிடமே இருந்தது.

குழுவில் அறுபதுக்கு மேற்பட்டோர் இருந்தார்கள். முதல் வாரம் ஒருவரும் எழுதவில்லை. செய்தி விவரத்தைத் திறந்தால் யார் யார் படித்தார்கள் என்று காட்டும், எல்லோரும் படித்திருந்தார்கள். பிறகு மதிப்பெண் உண்டு என்று அறிவித்ததும் எழுத்துகள் வந்தன. யார் எதை எழுதினாலும் அடியில் கைதட்டும் படங்களும் ‘சூப்பர்’ என்ற ஒரு சொல்லும் வரிசையாக வந்து விழுந்தன. ஒருவர் எழுதியதில் எது புரியவில்லை, எந்த இடத்தில் இன்னும் விரித்திருக்கலாம் என்று வகுப்பறையில் ஓரளவாவது பேசும் பிள்ளைகள், குழுவில் அதைச் சொல்ல மறுத்துவிட்டார்கள். காரணம் கேட்டதற்கு ஒரு மாணவர், “கிளாஸ்ல சொன்னா காத்தோட போயிரும்மா, இதுல சொன்னா அப்படியே நிக்கும்மா” என்றார். வகுப்பறைத் திறனாய்வும் சமூக ஊடகத் திறனாய்வும் வேறு வேறு என்பதை அவர்கள் எனக்கு முன்பே அறிந்திருந்தார்கள்.

இன்ஸ்டாகிராம் பற்றிய பேச்சு இன்னும் விறுவிறுப்பாக இருந்தது. வகுப்புக்கென்று ஒரு பக்கம் தொடங்கி, எல்லோரும் தத்தம் கணக்கிலிருந்து அதைப் பின்தொடரட்டும் என்று துறையில் சொன்னார்கள். பையன்கள் ஒன்றுசேர்ந்து எதிர்த்தார்கள். “இன்ஸ்டா எங்க ஏரியாம்மா. அங்கயும் வாட்ச்மேன் போட்டா எப்படிம்மா?” என்று ஒருவர் கேட்டபோது வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். அந்த மாணவர் பாலமேட்டுப் பக்கத்துக்காரர். ஜல்லிக்கட்டுக் காளைகளுக்கென்று ஒரு பக்கம் நடத்துகிறார். அவருடைய நண்பர் ஒருவர் அதை என்னிடம் காட்டினார். காளையின் படத்துக்குக் கீழே நான்கே வரி. எந்த வாடிவாசலில் எப்படி வெளியே வந்தது, திமிலை யார் தொட்டார், எங்கே உதறியது என்று ஒரு சொல் கூடுதலில்லாமல் எழுதியிருந்தார். அதே மாணவர் வகுப்பில் ‘எங்கள் ஊர்’ என்ற தலைப்புக்கு, ‘இயற்கை எழில் கொஞ்சும் எங்கள் கிராமம்’ என்று தொடங்கி இரண்டு பக்கம் நிரப்பியிருந்தார். அந்தப் பக்கத்தில் எழுதுவது எழுத்து என்று அவருக்குத் தோன்றவே இல்லை; தோன்றினால் அதை எங்கள் கைக்குத் தந்துவிட வேண்டியிருக்கும் என்ற பயமும் இருந்திருக்கலாம். 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக அலங்காநல்லூரிலும் தமுக்கத்திலும் கூட்டம் திரண்டதில் முகநூலுக்கும் வாட்ஸ்அப்புக்கும் இருந்த பங்கைச் சிறு பிள்ளைகளாகப் பார்த்து வளர்ந்தவர்கள் இவர்கள். இந்த ஊடகத்தின் பலம் தெரிந்தவர்கள் என்பதால்தான் அதைப் பாடத்திட்டத்துக்குள் விட மறுத்தார்கள் என்று இப்போது நினைக்கிறேன். இன்ஸ்டாகிராம் யோசனையை அத்துடன் கைவிட்டோம்.

பெண்களின் தயக்கம் வேறு வகையானது; அவர்கள் அதை வாய்விட்டுச் சொல்லவும் இல்லை. வகுப்பில் எல்லோரிடமும் செல்பேசி இருப்பதுபோல் தோன்றும். உண்மையில் சிலருடையது அப்பாவின் செல்பேசி. அவர் கட்டட வேலை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகுதான் மகளின் கைக்கு வரும். சிலருடையதை அண்ணன் எந்த நேரமும் வாங்கித் திறந்து பார்க்கலாம். 2024 ஜூலையில் செல்பேசி நிறுவனங்கள் கட்டணத்தை உயர்த்திய பிறகு, புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் வரும் 1,000 ரூபாயில் கணிசமான பங்கு ரீசார்ஜுக்கே போய்விடுகிறது என்றார் ஒரு மாணவி. இதையெல்லாம் தெரிந்துகொள்ளாமல் ‘இன்று இரவு பத்து மணிக்குள் பதிவிடவும்’ என்று அறிவிப்பது கொடுமை. தொடங்குவதற்கு முன்பே ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்டுவிட வேண்டிய கேள்வி, உன்னிடம் செல்பேசி இருக்கிறதா என்பதன்று. உன் செல்பேசியை வேறு யார் திறப்பார்கள் என்பது.

தட்டச்சுத் தொல்லையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலோர் ஆங்கில எழுத்தில் தமிழை அடிப்பவர்கள். தமிழ் எழுத்தில்தான் வேண்டும் என்றதும் வாயால் சொல்லி எழுதவைத்தார்கள். செல்பேசி தனக்குக் கேட்டபடி எழுதியது. ரகர றகரமும் வல்லின ஒற்றும் போன போக்கில் போயின. ஆனால் பேசி எழுதியதில் வாக்கியம் மட்டும் உயிரோடு இருந்தது. சந்திப் பிழையைத் திருத்துவது எளிது, செத்த வாக்கியத்தை எழுப்புவதுதான் கடினம் என்பதால் நான் அதைத் தடுக்கவில்லை.

அந்தப் பருவத்தின் நடுவில் ‘எங்கள் வீட்டில் நடந்த ஒன்று’ என்று தலைப்புக் கொடுத்தேன். பேரையூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வரும் ஒரு மாணவி, ஊர்த் திருவிழாவின் முளைப்பாரியைப் பற்றி எழுதியிருந்தார். கணவரை இழந்த அவருடைய அம்மா ஊருக்கே நவதானியம் பொறுக்கித் தருபவர். ஆனால் முளைப்பாரி வளர்க்கும் வீட்டுக்குள் அவர் போகக் கூடாது. ஊர்வலம் போகும்போது சுவரோரமாக நின்று பார்க்க வேண்டும். யாரையும் திட்டாமல், ஒரு ஆச்சரியக்குறிகூட இல்லாமல், ஒன்றரைப் பக்க அளவில் எழுதியிருந்தார். நான் கற்பித்த ஆண்டுகளில் கையில் வந்த மிகச் சிறந்த மாணவர் எழுத்து அதுதான். குழுவில் பாராட்டினேன், துறை அறிக்கைக்கும் அதையே தேர்ந்தெடுத்தோம்.

அடுத்த சில நாட்களுக்குள் அந்தப் பதிவின் படம் அந்த ஊர் இளைஞர்களின் குழுவுக்குப் போய்ச் சேர்ந்தது. எங்கள் குழுவில் இருந்த யாரோ ஒருவர் படம் பிடித்து வேறொருவருக்கு அனுப்ப, அது கை மாறிக்கொண்டே போயிருக்கிறது. அனுப்பியவருக்குக் கெட்ட எண்ணம் இருந்ததென்று இன்றும் எனக்குத் தோன்றவில்லை. நன்றாக இருக்கிறதே என்றுகூட அனுப்பியிருக்கலாம். வாட்ஸ்அப் குழுவில் எல்லோருடைய எண்ணும் எல்லோருக்கும் தெரியும் என்பதால், படத்தில் மாணவியின் பெயரோடு செல்பேசி எண்ணும் இருந்தது. ஊர்ச் சாமியைக் கேவலப்படுத்திவிட்டாள் என்று ஒரு கூட்டம் கிளம்பியது. தெரியாத எண்களிலிருந்து இரவெல்லாம் அழைப்பு. அவருடைய சித்தப்பா செல்பேசியைப் பிடுங்கிக்கொண்டார். மாணவி கல்லூரிக்கு வருவது நின்றது. குழுவில் நிர்வாகி என்று இருந்த அந்தத் தனி எண்ணுக்கும் அழைப்புகள் வந்தன. அவற்றில் கேட்ட சொற்களை இங்கே எழுத முடியாது.

கல்லூரியில் ஆதரவு கிடைக்கும் என்று எதிர்பார்த்தேன். அந்தக் குழு ஆசிரியை தம் விருப்பத்தில் தொடங்கியது, கல்லூரிக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று சொல்லிவிட்டார்கள். குழுவைத் தொடங்கச் சொன்னது வாய்மொழியாகத்தானே! விளக்கக் கடிதம் கேட்டார்கள். அதைத் தரும்வரை அந்த மாதச் சம்பளத்தை நிறுத்திவைத்தார்கள். வாடகையும் மகனின் பள்ளிக் கட்டணமும் ஒன்றாக வந்த மாதம் அது. மாமியாரின் வளையலை அடகு வைத்துச் சமாளித்தேன். பணத்தைவிட, உடன் பணியாற்றுபவர்கள் ஓய்வறையில் நான் நுழைந்ததும் பேச்சை மாற்றியதுதான் அதிகம் வலித்தது. எழுதத் தெரிந்த ஒரு பெண்ணைப் பாராட்டியதைத் தவிர என்ன செய்தேன் என்று ஆத்திரமும், அந்தப் பெண்ணுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயமும் மாறி மாறி வந்தன. அந்தப் பருவத்தில் தர வேண்டிய என் ஆய்வேட்டு இயல் ஒரு வரி நகரவில்லை.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். யார் எவ்வளவு நயமாகச் சொன்னாலும், எழுத்தில் ஆணை இல்லாமல் எந்தக் குழுவையும் தொடங்க வேண்டாம். ‘இந்தப் பருவத்தில் இந்த வகுப்புக்காக இந்த நோக்கத்துடன் தொடங்க அனுமதி வேண்டுகிறேன்’ என்று நான்கு வரி எழுதி, கையொப்பமும் முத்திரையும் வாங்கி, ஒரு நகலை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். வகுப்பில் பதினெட்டு நிறையாத முதலாண்டு மாணவர்கள் இருப்பார்கள் என்பதையும் அதில் குறிப்பிடுங்கள். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவரைக் குழந்தை என்றே வரையறுத்து, அவருடைய தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. கல்லூரியில் சேர்ந்துவிட்டதால் எல்லோரும் பெரியவர்கள் என்று நாம் நினைப்பதைச் சட்டம் ஏற்பதில்லை.

குழு நிர்வாகி என்ற முறையில் என் மேல் வழக்கு வரும் என்று அழைத்தவர்களில் ஒருவர் மிரட்டியதால், ஒத்தக்கடைப் பக்கம் ஒரு வழக்கறிஞரைப் போய்ப் பார்த்தேன். 1,500 ரூபாய் வாங்கிக்கொண்டு அவர் சொன்னது மனத்துக்கு ஆறுதலாக இருந்தது. 2021 டிசம்பரில் நம் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையே, ஒருவர் வாட்ஸ்அப் குழுவின் நிர்வாகி மட்டும்தான், வேறு பங்கு அவருக்கு இல்லை என்றால், உறுப்பினர் இட்ட பதிவுக்காக அவர் பெயரை வழக்கில் வைத்திருக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறதாம். எங்கள் விஷயத்தில் பதிவே குற்றமில்லை என்பதையும் அவர் சொன்னார். அதைக் கேட்ட பிறகுதான் விளக்கக் கடிதத்தை நடுக்கமில்லாமல் எழுத முடிந்தது. மாணவிக்கு வந்த அழைப்புகளைப் பற்றி, எண்ணும் நேரமும் தெரியும்படி படமெடுத்து வைத்துவிட்டு அதன் பிறகே எண்களைத் தடுக்க வேண்டும் என்றார். பெரும்பாலோர் பயத்தில் எல்லாவற்றையும் முதலில் அழித்துவிடுகிறார்களாம். மத்திய அரசின் இணையவழிக் குற்றப் புகார்த் தளத்தில் பெண்கள் தொடர்பான சில வகைப் புகார்களைப் பெயர் சொல்லாமலும் பதியலாம். 181 என்ற மகளிர் உதவி எண்ணும் இருக்கிறது. அந்த மாணவி புகார் கொடுக்க விரும்பவில்லை. கொடுத்தால் ஊரில் அம்மா இருக்க முடியாது என்றார். அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை.

ஒரு சனிக்கிழமை அந்த ஊருக்குப் போனேன். பேரையூர்வரை பேருந்து, அங்கிருந்து ஆட்டோவுக்கு 350 ரூபாய். சித்தப்பா வாசலிலேயே உட்கார வைத்துப் பேசினார். கோபக்காரராக எதிர்பார்த்துப் போன எனக்கு அவர் சொன்னது வியப்பாக இருந்தது. “டீச்சரம்மா, அவ எழுதுனது பொய்யின்னு நான் சொல்லல. நோட்டுல எழுதி உங்க கையில குடுத்திருந்தா எவனுக்குத் தெரியப் போகுது? போன்ல எதுக்கு எழுதச் சொன்னீங்க?” என்று கேட்டார். பெண்பிள்ளையும் செல்பேசியும் என்றாலே அந்த ஊரில் டிக்டாக் நாட்களின் நினைவுதான் வருகிறது என்பதும் பேச்சில் தெரிந்தது. 2019 ஏப்ரலில் இதே மதுரைக் கிளை அந்தச் செயலியின் பதிவிறக்கத்துக்கு இடைக்காலத் தடை விதித்து அந்த மாதமே நிபந்தனையுடன் நீக்கியதும், 2020 ஜூன் இறுதியில் மத்திய அரசு அதை அடியோடு தடை செய்ததும் நமக்குச் செய்திகள். செயலி போன பிறகும், அதில் ஆடிய பெண்களைப் பற்றி ஊர் பேசிய பேச்சு போகவில்லை. முளைப்பாரிக் கட்டுரையும் அந்தக் கணக்கில்தான் சேர்க்கப்பட்டது.

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பக்கத்து வீட்டுப் பையன் அவருக்கு அதைப் படித்துக் காட்டியிருக்கிறான். அவர் சொன்ன குறை ஒன்றுதான்: “சாமை, தெனை எல்லாம் நான் குடுத்தேன்னு எழுதிட்டா. சாமை நான் குடுக்கல டீச்சரம்மா, அது மேலத்தெரு அக்கா குடுத்தது. அவுக வருத்தப்படுவாகல்ல?” அத்தனை நாள் பாரத்துக்கிடையே அங்கே எனக்குச் சிரிப்பு வந்தது. மாணவி மட்டும் சிரிக்கவில்லை. “நான் உங்களுக்கும் கிளாசுக்கும்தாம்மா எழுதினேன். ஊருக்குன்னா வேற மாதிரி எழுதியிருப்பேன், இல்லன்னா எழுதியே இருக்க மாட்டேன்” என்றார்.

இந்த ஒரு வாக்கியத்துக்குள் எல்லாம் அடங்கியிருக்கிறது. சமூக ஊடகத்தை ஆராய்ந்த ஆலிஸ் மார்விக், டானா பாய்ட் என்ற இருவர், வெவ்வேறு இடங்களில் நாம் வெவ்வேறு விதமாகப் பேசும் உறவினர், நண்பர், மேலதிகாரி எல்லோரும் இணையத்தில் ஒரே திண்ணையில் வந்து உட்கார்ந்துவிடும் நிலையைப் பற்றி 2011இல் விரிவாக எழுதியிருக்கிறார்கள். நான் அதைப் படித்தது இவ்வளவும் நடந்த பிறகு. என் மாணவர்கள் படிக்காமலேயே அறிந்திருந்தார்கள். குழுவில் மௌனமாக இருந்ததும், கைதட்டும் படத்தோடு நிறுத்திக்கொண்டதும், இன்ஸ்டாகிராமுக்குள் எங்களை விடாததும் சோம்பலோ அக்கறையின்மையோ அல்ல. யார் படிப்பார்கள் என்று தெரியாத இடத்தில் எழுதுபவர் செய்யக்கூடிய தற்காப்பு அது. முழுமனத்தோடு எழுதிய ஒருவர்தான் அடிபட்டார்.

கல்லூரிக்குத் திரும்பியதும், பெயர் எழுதாத துண்டுத்தாளில் இந்தக் குழுவைப் பற்றி நினைப்பதை எழுதித் தரச் சொன்னேன். அதுவரை அவர்களிடம் அதை யாரும் கேட்டிருக்கவில்லை. ‘லைக் வரலைன்னா கட்டுரையே நல்லா இல்லன்னு தோணுது’ என்று ஒருவர். ‘ராத்திரி மெசேஜ் வந்தா வீட்ல யாருன்னு கேக்குறாங்க, தமிழ் அம்மான்னு சொன்னா நம்ப மாட்டேங்குறாங்க’ என்று ஒருவர். ‘மார்க் இருந்தா எழுதுவோம், இல்லன்னா இல்ல’ என்று ஒருவர் நேர்மையாக. எல்லோரும் எதிர்க்கவும் இல்லை. ‘எனக்கு கிளாஸ்ல பேச வராது, குரூப்ல எழுத வருது. குரூப்ப மூடிறாதீங்க’ என்று ஒரு தாளில் இருந்தது. பேருந்தில் வரும் நேரத்தில் மற்றவர் எழுதியதைப் படிப்பது பிடித்திருக்கிறது என்று பலர் எழுதியிருந்தார்கள். அவர்கள் அனைவரும் விரும்பியது படிப்பதை. பயந்தது தாங்கள் படிக்கப்படுவதை. இந்த வேறுபாடு கருத்தரங்கக் கட்டுரைகளின் ‘ஏற்கிறேன், ஏற்கவில்லை’ என்ற கட்டங்களில் சிக்காது. நீங்களும் முதல் வாரத்திலேயே துண்டுத்தாள் கொடுத்துவிடுங்கள். கூகுள் படிவத்தில் கேட்காதீர்கள், பெயர் தெரிந்துவிடும் என்று அங்கேயும் பொய்தான் வரும்.

அதன் பிறகு முறையை மாற்றினேன். வாட்ஸ்அப்பில் இப்போது அறிவிப்பு மட்டும். நிர்வாகி மட்டுமே பதிவிட முடியும் என்று அமைப்பில் மாற்றிவிட்டேன். எழுத்துகள் கூகுள் வகுப்பறைக்கு வருகின்றன. அங்கே செல்பேசி எண் தெரியாது, ஒருவர் ஒப்படைத்ததை நான் மட்டும் படித்துத் தனியாகக் குறிப்பு எழுதலாம். ஒவ்வொரு எழுத்தின் தலையிலும், ஆசிரியருக்கு மட்டும், வகுப்புக்கு, வெளியே என்ற மூன்றில் ஒன்றை எழுதுபவரே குறிக்க வேண்டும். குறிக்காவிட்டால் ஆசிரியருக்கு மட்டும் என்றே பொருள். எதைக் குறித்தாலும் மதிப்பெண்ணில் வேறுபாடு இல்லை. இதை வாரந்தோறும் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் வெளியே என்று குறித்தால் ஆசிரியர் மகிழ்வார் என்று சிலர் எண்ணுகிறார்கள். வகுப்புக்கு என்று குறித்தவற்றை நான் அச்செடுத்து, பெயரில்லாமல் வகுப்பிலேயே சுற்றுக்கு விடுகிறேன். வெளியே என்று குறித்தவற்றைப் புனைபெயரோடு தொகுத்து, பருவ முடிவில் நகலகத்தில் ஒரு சிற்றிதழாகப் போட்டோம்; 2,600 ரூபாய் ஆனது, பாதியை மாணவர்களே பத்து இருபதாகச் சேர்த்துக் கொடுத்தார்கள். புனைபெயர் தேர்வதற்கு அவர்கள் காட்டிய உற்சாகத்தை எந்தக் கட்டுரைக்கும் காட்டியதில்லை. மிக நீளமாகவும் மிக நன்றாகவும் எழுதப்பட்டவை பெரும்பாலும் ஆசிரியருக்கு மட்டும் என்ற குறியோடுதான் வருகின்றன. அவற்றை அறிக்கையில் காட்ட முடியாது என்பதில் துறைக்கு வருத்தம்; எனக்கு இல்லை.

காளைப் பக்கம் நடத்தும் மாணவருக்கு, ஐம்பது சொல்லுக்குள் ஒரு படக்குறிப்பு என்று தனிப் பயிற்சி கொடுத்தேன். அவர் எழுதிய குறிப்பு அந்த இதழின் முதல் பக்கத்தில் வந்தது. தம் இன்ஸ்டாகிராம் பக்கத்தின் பெயரை மட்டும் அவர் இன்னும் எனக்குச் சொல்லவில்லை. எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது.

தொழில்நுட்பம் இதையெல்லாம் தடுத்துவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. உரையாடலை ஏற்றுமதி செய்வதைத் தடுக்கும் வசதி 2025இல் வாட்ஸ்அப்பில் வந்திருக்கிறது. திரையைப் படமெடுப்பதை அது தடுப்பதில்லை. ஒருமுறை மட்டும் பார்க்கக்கூடிய படத்தைத் திரையில் பிடிக்க முடியாது. பக்கத்தில் இன்னொரு செல்பேசியை வைத்துப் படமெடுக்கலாம். அழைப்பு இணைப்பை அனுப்பி ஆள் சேர்த்தால், இணைப்பு கிடைத்த எவரும் உள்ளே வந்துவிடுவார். நிர்வாகியின் ஒப்புதல் வேண்டும் என்ற அமைப்பை இயக்கி வைத்தால் அதை மட்டும் தடுக்கலாம்.

நிறுத்திவைத்த சம்பளம், எந்தக் கடிதமும் இல்லாமல், அடுத்த மாதச் சம்பளத்தோடு சேர்ந்து வந்தது. வளையலை வட்டி கட்டி மீட்டேன். மாணவி சில வாரங்களுக்குப் பிறகு வகுப்புக்குத் திரும்பினார். பருவத் தேர்வும் எழுதினார். இப்போதும் எழுதுகிறார், ஆசிரியருக்கு மட்டும் என்று குறித்து. ஊரைப் பற்றி எழுதுவதில்லை.

கடைசியாக, குழுவை முடிக்கும் முறை. பருவம் முடிந்ததும் நிர்வாகி வெளியேறிவிட்டால் குழு கலைந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். கலையாது, உறுப்பினர்களில் வேறொருவர் தாமாகவே நிர்வாகி ஆகிவிடுவார், குழு உங்கள் பெயரால் நடந்துகொண்டே இருக்கும். முதலில் பதிவிடும் உரிமையை நிர்வாகிக்கு மட்டும் என்று மாற்றி, அழைப்பு இணைப்பைச் செல்லாததாக்கி, குழுவின் பெயரிலிருந்து கல்லூரிப் பெயரை எடுத்துவிட்டு, ஒவ்வொருவராக நீக்கி, எல்லோரும் போன பிறகு நீங்கள் வெளியேற வேண்டும். அறுபது பேரை நீக்கச் சலிப்பாக இருக்கும். ஒரு தேநீர் இடைவேளையில் செய்துவிடலாம். அப்போதும் பழைய பதிவுகள் அவரவர் செல்பேசியில் இருக்கும் என்பதை நீக்குவதற்கு முன்பே அவர்களிடம் சொல்லிவிடுங்கள். மற்றவர்கள் எழுதியதை அழிக்கும்படி கேட்டுக்கொள்ளலாம், சிலர் அழிப்பார்கள்.